கழற்றிக் கற்றவர்

குளச்சல் என்னும் பெயரைக் கேட்டவுடன், 1741-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரரை வென்ற போரே பலர் நினைவுக்கு வரும். அவ்வெற்றியைக் குறிக்கும் தூண் இன்றும் அவ்வூரில் நிற்கின்றது. தூணைக் காணச் செல்வோர் சற்றுத் தாமதித்துக் கடற்கரைத் தெருக்களில் நடப்பாராயின், வேறொரு காட்சியையும் காண்பர். மீன் பிடித்து மீண்ட வள்ளங்கள் மணலில் ஏற்றப்பட்டிருக்கும். வள்ளத்தின் பின்புறத்தே பூட்டப்பெறும் எஞ்சினை வீட்டு முற்றத்திற்குத் தூக்கி வந்து, பழைய சாக்கை விரித்து, அதன்மேல் வைத்துக் கழற்றிக்கொண்டிருப்பர். உப்பு நீரும் உப்புக் காற்றும் இரும்பை விரைவில் அரித்துவிடுமாதலின், இவ்வேலை அவர்களுக்கு அடிக்கடி நேர்வதாகும். அருகில் அமர்ந்திருக்கும் சிறுவன், கழற்றிய உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைப்பான். எந்த உறுப்புக்குப் பின் எந்த உறுப்பு என்பதை அவனுக்கு யாரும் ஏட்டில் எழுதிக் கற்பித்ததில்லை. கண்டும், தொட்டும், தவறியும் அவன் கற்கின்றான்.

இங்ஙனம் கழற்றிக் கற்கும் முறையையே தம் வாழ்நாள் முழுதும் கல்வியாகக் கொண்ட ஒருவர் கோயம்புத்தூரில் வாழ்ந்தார். அவர் முதன்முதலிற் கழற்றியது வள்ளத்து எஞ்சின் அன்று. ஒரு மோட்டார் சைக்கிளின் எஞ்சின். அவர்தாம் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவரது முழுப்பெயர். கோயம்புத்தூர் மாவட்டத்துச் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு நிலத்தை உழுது வாழ்ந்தவர். தாயார் மைந்தரின் இளமையிலேயே மறைந்தார். துரைசாமி பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஆனால் பள்ளி அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. ஒரே இடத்தில் அமர்ந்து, சொன்னதைத் திருப்பிச் சொல்லும் முறை அவருக்கு ஒவ்வாததாயிற்று. ஒருநாள் ஆசிரியர்மீது மணலை வாரி வீசிவிட்டு ஓடினார் என்றும் சொல்வர். நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்த யான் இச்செயலைப் புகழ்ந்து எழுதுதல் இயலாது. படிக்கும் மாணவரும் இதனை ஒரு முன்மாதிரியாகக் கொள்ள வேண்டா. எனினும் அப்பிள்ளையின் கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது என்பதும், பின்னர்த் தமிழ் நூல்களைத் தாமே தேடிப் படித்துத் தம் எழுத்தறிவை அவர் வளர்த்துக்கொண்டார் என்பதும் உண்மை. பள்ளியை வெறுத்தாரேயன்றிப் படிப்பை அவர் வெறுத்தாரல்லர்.

அந்நாளில் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே ஊர்தி. மாடு இழுக்க வண்டி நகரும் என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. அத்தகைய ஊர்ப் பாதையில் ஒருநாள் ஆங்கில வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் இரு சக்கர வண்டியொன்றில் ஏறி வந்தார். லங்காஷயர் என்பது அவர் பெயர் என்பர். வண்டிக்கு முன்னே மாடும் இல்லை, குதிரையும் இல்லை, ஏறியவர் காலால் மிதித்துக்கொண்டும் வரவில்லை. பெரியதோர் ஓசையும் புகையும் எழ, அது தானே ஓடி வந்தது. ஊரார் வியந்தனர், சிலர் அஞ்சியும் இருப்பர். துரைசாமியின் உள்ளத்திலோ வியப்பு வினாவாக மாறிற்று. எது இதனை ஓட்டுகின்றது? அவ்விரும்புப் பெட்டிக்குள் நிகழ்வது யாது? ஊரார் வியப்பு வண்டி மறைந்ததும் மறைந்திருக்கும். அவருடைய வினா மறையவில்லை.

அவ்வண்டி ரட்ஜ் என்னும் பெயருடையது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் மிதிவண்டிகள் செய்து புகழ்பெற்ற ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனத்தார், 1911-ஆம் ஆண்டுமுதல் மோட்டார் சைக்கிள்களையும் விற்கத் தொடங்கினர். அவ்வண்டியின் உறுதிக்கு ஒரு சான்று கூறலாம். 1914-ஆம் ஆண்டில், மேன் தீவில் நிகழ்ந்த பெரும் பந்தயத்தில் சிரில் புல்லின் என்பவர் ரட்ஜ் வண்டியில் ஏறியே முதற்பரிசு பெற்றார். இத்தகைய வண்டியைக் கலங்கலில் பிறந்த ஓர் உழவர் மகன் விலைக்கு வாங்க எண்ணுதல் அக்காலத்தில் நகைப்பிற்கு இடமாயிருந்திருக்கும். துரைசாமியோ ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குச் சென்றார். அங்கு ஓர் உணவு விடுதியில் இலை போட்டு உணவு பரிமாறும் வேலையில் அமர்ந்தார். பெற்ற கூலியைச் செலவிடாது சிறிது சிறிதாகச் சேர்த்தார். போதிய தொகை சேர்ந்தபின் அதனைக் கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளைத் தமக்கு உரியதாக்கிக்கொண்டார். அதன் விலை 300 ரூபாய் என்று அவர் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர்.

இனி அவர் செய்ததே நாம் கருதத்தக்கது. அருமையாக வாங்கிய வண்டியைப் பிறர் ஏறி ஊர்வலம் வருவர். பளபளக்கத் துடைத்து வாயிலில் நிறுத்துவர். துரைசாமி அதனைக் கழற்றினார். ஒவ்வோர் ஆணியாக, ஒவ்வோர் உறுப்பாக, எஞ்சினின் உள்ளிருப்பவை எல்லாம் வெளியே வருமாறு கழற்றினார். பின்னர் மீண்டும் பூட்டினார். அதனை ஓட்டவும் செய்தார்.

இரண்டு சொற்றொடரில் எழுதிவிடத்தக்க இச்செயல் எத்துணை அரிது என்பதை அறிய, அக்காலத்து எஞ்சின் இயங்கும் வகையைச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும்.

ரட்ஜ் போன்ற வண்டியில் ஒரே ஒரு சிலிண்டர் இருந்தது. சிலிண்டர் என்பது உள்ளே குழாய்போற் குடைந்த இரும்புப் பாத்திரம். அதனுள் பிஸ்டன் என்னும் உருளை மேலும் கீழுமாக நகரும். பிஸ்டன் முதல்முறை கீழே இறங்கும்போது, பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை ஒரு வால்வின் வழியாக உள்ளே புகும். பிஸ்டன் மேலேறும்போது அக்கலவை நெருக்குண்டு இறுகும். அந்நிலையில் ஒரு மின்பொறி தோன்றி அதனைக் கொளுத்தும். வெந்து விரிந்த வாயு பிஸ்டனைக் கீழே உந்தித் தள்ளும். பிஸ்டன் மீண்டும் மேலேறும்போது எரிந்த புகை மற்றொரு வால்வின் வழியாக வெளியேறும். ஏற்றமும் இறக்கமுமாகிய இந்நான்கு அசைவுகளில் ஒன்றுதான் வண்டியை ஓட்டும் வலிமையைத் தருவது. ஏனைய மூன்றையும் நடத்துவது, சுழலும் கனத்த சக்கரத்தின் வேகமே. பிஸ்டனின் மேல்கீழ் அசைவை ஒரு தண்டு, கிராங்க் என்னும் வளைந்த அச்சுக்குக் கொடுத்துச் சுழற்சியாக மாற்றும். அச்சுழற்சியை ஒரு வார் பின்சக்கரத்திற்குக் கொண்டு செல்லும்.

இவ்வளவும் புகைப்போக்கி வழியே நோக்கி அறியக்கூடியவை அல்ல. வெளியே தெரிவது ஓசை ஒன்றே. உள்ளே நிகழ்வதைக் காண வேண்டுமாயின் திறக்கவே வேண்டும். திறப்பதிலோ ஒவ்வொரு படியிலும் இடர் உண்டு. பிஸ்டனைச் சுற்றிச் செருகிய வளையங்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. அவற்றைச் சற்று மிகுதியாக அகற்றினால் வளையாமல் முறிந்துவிடும். ஓர் இணைப்பின் இடையே வைத்த மெல்லிய தகட்டை மறந்துவிட்டால் எண்ணெய் கசியும். வால்வு தன் இருக்கையில் சிறிதும் இடைவெளியின்றிப் பொருந்தாவிடின், நெருக்குண்ட கலவை நழுவிப்போகும். எஞ்சின் வலிமை இழக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் துளை மயிரிழை போன்றது. அதில் ஒரு தூசி அடைத்தாலும் வண்டி நின்றுவிடும்.

இவை அனைத்தினும் அரியது காலம் பொருத்துவது. வால்வுகளைத் திறப்பனவும், மின்பொறி தரும் மாக்னெட்டோவைச் சுழற்றுவனவும் பற்சக்கரங்கள். பிஸ்டன் எவ்விடத்தில் இருக்கும்போது எந்த வால்வு திறத்தல் வேண்டும், எப்போது பொறி எழுதல் வேண்டும் என்னும் கணக்கு அப்பற்களின் பொருத்தத்தில் அடங்கியுள்ளது. ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால், உறுப்புகள் எல்லாம் குறைவின்றி இருந்தும் வண்டி ஒழுங்காக ஓடாது. இருமும், உதைக்கும், நின்றுவிடும். எங்கே பிழை என்று கேட்டுத் தெளிய அக்காலத்துக் கோவையில் இத்தொழில் அறிந்தார் மிகச் சிலரே. முறிந்த உறுப்புக்கு மாற்று வேண்டுமெனின் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வருதல் வேண்டும். அதற்கு வாரங்கள் கழியும்; பணமும் வேண்டும். ஆகவே துரைசாமி சாக்கின்மேற் பரப்பி வைத்தது இரும்புத் துண்டுகளை மட்டும் அன்று. விடுதியில் இலை போட்டுச் சேர்த்த அத்தனை நாள் உழைப்பையும் பரப்பி வைத்தார். பூட்டத் தெரியாமற் போயிருப்பின் எஞ்சுவது பழைய இரும்பின் விலையே.

இவ்விடத்தில் என் தொழிலோடு தொடர்புடைய ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். பழைய செய்யுளைக் கற்பிக்கும்போது நாங்கள் முதலிற் செய்வது பதம் பிரித்தல். சேர்ந்து கிடக்கும் சொற்களைச் சந்தி நீக்கித் தனித்தனியே வைப்போம். பிரிக்க வேண்டிய இடத்திற்கு ஓர் எழுத்துத் தள்ளிப் பிரித்தால் பொருள் கெட்டுவிடும். பிரித்தபின் மீண்டும் புணர்த்திக் காட்டத் தெரியாதவன் இலக்கணம் கற்றவன் ஆகான். எஞ்சினைக் கழற்றுவோரைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்நினைவே வரும். கழற்றுதல் எவர்க்கும் கைகூடும். வந்த முறையைத் தலைகீழாக நினைவிற் கொண்டு, கடைசியில் வந்ததை முதலில் வைத்து, மிச்சம் ஒன்றுமின்றிப் பூட்டி முடித்தலே கல்வி. மிச்சமாக ஒரு நட்டு கையில் இருக்குமாயின் அஃது எவ்விடத்ததோ என்று தேடி, மீண்டும் அனைத்தையும் கழற்ற நேரும். துரைசாமிக்கு அது நேர்ந்ததா என்று எவரும் எழுதி வைக்கவில்லை. நேராதிருந்தால்தான் வியப்பு.

மோட்டார் சைக்கிள் அவரை எந்திரம் அறிந்தவராக்கியது. ஆனால் அவர் வாழ்க்கை உடனே நேர்கோட்டில் ஓடவில்லை. முதல் உலகப்போர் நடந்த காலத்தில் பருத்தி வணிகத்தில் இறங்கிப் பொருள் ஈட்டினார். அப்பொருளோடு பம்பாய்க்குச் சென்று அங்குள்ள பெருவணிகரோடு போட்டியிட்டார், இழந்து திரும்பினார். எந்திரத்தின் உள்ளறிந்தவருக்குச் சந்தையின் உள்ளறிய வாய்ப்பு இல்லை போலும்.

திரும்பியவர் மீண்டும் எஞ்சினையே நாடினார். கோயம்புத்தூரில் ஆலைகளும் வணிகமும் தழைக்க வழிகாட்டிய சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் அவருக்குத் துணை நின்றார். அவர் உதவியால் துரைசாமி ஒரு பேருந்தைப் பெற்று, 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே, வழியில் வண்டி நின்றால் கீழிறங்கிப் பழுது பார்ப்பவரும் அவரே. அக்காலத்துச் சாலைகள் கப்பியும் குழியுமானவை. வண்டி இடைவழியில் நில்லாத நாள் அரிது. பழுது பார்ப்பவருக்காகக் காத்திருக்கும் முதலாளியின் வண்டி ஒரு நாளை இழக்கும். நாயுடுவின் வண்டியோ அரை மணியில் மீண்டும் புறப்படும். ஒரு பேருந்து பலவாகப் பெருகியதற்கு அவருடைய சிக்கனம், நேரந் தவறாமை முதலிய பல காரணங்களைச் சொல்லலாம். அவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது இதுவே என்பது என் கருத்து. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று அவர் பெயரிட்ட நிறுவனம், சுருக்கமாக யு.எம்.எஸ். என்று வழங்கிற்று. 1933-ஆம் ஆண்டில் அதனிடம் 280 வண்டிகள் இருந்தன.

வண்டிகள் பெருகவே பணிமனையும் பெருகிற்று. பணிமனையில் எழுந்த வினாக்கள் அவரைப் பேருந்துக்கு அப்பாலும் இட்டுச் சென்றன. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பயணம் செய்தார். சென்ற இடமெல்லாம் தொழிற்சாலைகளையும் கருவிகளையும் ஊன்றிப் பார்த்தார். நிழற்படக் கருவியும் திரைப்படக் கருவியும் அவர் கையை விட்டு நீங்கா. 1936-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மறைந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை இலண்டனில் அவர் தம் கருவியாற் படம் பிடித்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு முகச்சவரக் கருவியொன்றை ஆக்கினார். ரசந்து என்னும் பெயரோடு அது செருமனியில் வெளிவந்தது. மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, வாக்குப் பதிவில் பொய் புகாமற் காக்கும் எந்திரம் என்று அவர் ஆக்கியவற்றின் பட்டியல் நீளும். இந்தியாவின் எடிசன் என்று அவரைச் சிலர் அழைப்பர். இத்தகைய அடைமொழிகளில் எனக்கு விருப்பம் இல்லை. எடிசனை அறியாதார்க்கு அதனால் விளங்குவது ஒன்றுமில்லை. அறிந்தார்க்கு அவர் நாயுடுவாகவே விளங்குவார்.

அவருடைய முயற்சிகளுள் கோயம்புத்தூரின் முகத்தையே மாற்றியது மின்மோட்டார். 1932-ஆம் ஆண்டில் நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அம்மின்சாரம் கோவை வட்டாரத்து ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் வந்தது. கமலை கட்டி மாடுகளால் நீர் இறைத்த உழவர் மின்சாரத்தால் இறைக்க விரும்பினர். ஆனால் மோட்டாரோ கடல் கடந்து வருதல் வேண்டும். மோட்டார் சைக்கிளைக் கழற்றிய அதே மனம் இங்கும் வேலை செய்தது. வெளியிலிருந்து வரும் பொருளைத் திறந்து பார்த்து, அதன் இயல்பறிந்து, நம் ஊரிலேயே செய்தால் என்ன என்று அது எண்ணிற்று. எந்திரக் கலையில் வல்லுநராகிய டி. பாலசுந்தரம் நாயுடு என்பவரோடு சேர்ந்து, கோவை பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்சாலையை அவர் நிறுவினார். அங்கு 1937-ஆம் ஆண்டில் உருவான மின்மோட்டாரை இந்நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று கூறுவர். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் பெருந்தொழிற்சாலையைத் தொடங்கினார். நீர் இறைக்கும் பம்பும் மோட்டாரும் என்றால் கோயம்புத்தூர் என்று இன்றும் நாடு நினைக்கின்றது.

எல்லா முயற்சியும் இங்ஙனம் பயன் தந்துவிடவில்லை. ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941-ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். வானொலி செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த நாள் அது. 1952-ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க சிறிய கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் ஆக்கிக் காட்டினார். அதனைப் பெருமளவில் செய்து விற்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை. ஆகவே அது சாலைக்கு வரவில்லை. வரிகளும் உரிமங்களும் தொழிலைக் கட்டிப்போடுகின்றன என்று அவர் பலகாலும் வெளிப்படையாகப் பேசியதற்கு இத்தகைய பட்டறிவும் ஒரு காரணமாதல் வேண்டும். அரசின் பக்கத்து நியாயமும் ஒன்று இருந்திருக்கலாம். இரும்பும் அயல்நாட்டுச் செலாவணியும் அருகியிருந்த காலம் அது. ஆயினும், 2,000 ரூபாயில் ஒரு கார் என்னும் செய்தியைப் படிக்கும்போது நெஞ்சம் சற்று நின்றே மேற்செல்கின்றது.

உழவர் மகனாதலின் நிலத்தையும் அவர் மறந்தாரல்லர். போத்தனூரில் பண்ணை அமைத்துப் பருத்தி, சோளம், பப்பாளி முதலியவற்றில் ஆராய்ச்சி செய்தார். விசுவேசுவரையாவும் சர் சி.வி. இராமனும் அப்பண்ணையை வந்து கண்டனர்.

அவர் வாழ்வில் மோட்டார் சைக்கிளுக்கு அடுத்தபடி பெரிதென நான் கருதுவது கல்வி பற்றி அவர் தொடுத்த வழக்கு. வழக்கு என்பது நீதிமன்றத்து வழக்கன்று; கொள்கை வழக்கு. 1944-ஆம் ஆண்டளவில் மோட்டார்த் தொழிலிலிருந்து பெரும்பாலும் விலகிய அவர், ஈட்டிய பொருளைத் தொழிற்கல்விக்கு வழங்க முன்வந்தார். அவருடைய கொடையாலும் முயற்சியாலும் 1945-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியற் கல்லூரியும் தோன்றின. அந்நாள் சென்னை மாநில ஆளுநராயிருந்த சர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றிற்கு இடப்பட்டது. தொடக்கப் பள்ளிக்கு அப்பால் படியாத நாயுடு பொறியியற் கல்லூரியின் தலைவராக அமர்ந்தார்.

அமர்ந்தவர் கேட்ட முதல் வினா, படிப்புக்கு ஏன் நான்கு ஆண்டு என்பது. கையால் செய்து கற்றால் இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் துணிபு. எந்திரத்தைப் படத்தில் காட்டி, பெயர்களை மனப்பாடம் செய்வித்து, தேர்வில் எழுதச் செய்து, பின்னர் ஒருநாள் எந்திரத்தைக் காட்டுதல் வீண் என்று அவர் எண்ணினார். முதல்நாளே மாணவன் ஸ்பானரைக் கையில் எடுத்தல் வேண்டும் என்பது அவர் விருப்பம். அரசினர் இதற்கு இசையவில்லை. பட்டம் என்பது நாடெங்கும் ஒரே அளவினதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் நிலை. நாயுடு தம் கருத்தைத் தளர்த்தவில்லை. பதவியைத் துறந்தார்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூற எனக்குத் தகுதி இல்லை. நான் கற்ற கல்வி மிக நெடியது. நூற்பாவை மனப்பாடம் செய்து, பொருள் விளங்க ஆண்டுகள் காத்திருந்த கல்வி அது. சிறுவயதில் பொருள் தெரியாமல் மனத்தில் இருத்தியது நாற்பதாம் வயதில் தானே விளங்கியதை நான் கண்டிருக்கின்றேன். ஆகவே விரைந்து கற்றலே நன்று என்று என்னால் ஒப்ப இயலவில்லை. பாலம் கட்டுவோருக்கும் மின்னிலையம் அமைப்போருக்கும் கணக்கும் பௌதிகமும் ஆழமாக வேண்டும். அவற்றை ஸ்பானரால் மட்டும் கற்க முடியாது என்று சொல்வாரும் உளர். ஆனால் நான்கு ஆண்டு கற்றும் ஓர் எஞ்சினைத் திறந்து பாராத மாணவர் இன்றும் இருக்கக் காண்கின்றோம். அவர்களை நினைக்கும்போது நாயுடுவின் சினம் வெறும் பிடிவாதம் என்று தோன்றவில்லை. சில நூறு ரூபாய்ப் பொருளைத் திறந்து கற்றவர் அவர். அதனைத் திறவாமலே பட்டம் பெறலாம் என்பது அவருக்கு எத்துணை விந்தையாய் இருந்திருக்கும்!

பதவியை விட்டாலும் கற்பித்தலை அவர் விடவில்லை. வானொலி, மோட்டார் முதலியவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளை இளைஞருக்கு நடத்தினார். தாம் திரட்டிய கருவிகளையும் ஆக்கிய பொருள்களையும் மக்கள் வந்து காணுமாறு 1967-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொழிற் கண்காட்சி ஒன்றை நிறுவினார்.

1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் ஜி.டி. நாயுடு இவ்வுலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு அகவை எண்பது நிரம்பியிருந்தது. கோயம்புத்தூர் அவிநாசிச் சாலையில் அவர் பெயரை நினைவூட்டும் கார் அருங்காட்சியகம் ஒன்று 2015-ஆம் ஆண்டுமுதல் இயங்கி வருகின்றது. அங்குச் செல்லும் மாணவர் பழங்காலத்து வண்டிகள் பலவற்றை ஒருங்கே காணலாம். அவர் தொடங்கித் துறந்த பொறியியற் கல்லூரி பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயர் பெற்று, தடாகம் சாலையில் பெரிய வளாகத்தில் வளர்ந்து நிற்கின்றது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான மாணவர் அங்குப் பொறியியல் பயில்கின்றனர். அங்குப் பட்டப்படிப்பின் காலம் நான்கு ஆண்டுகள்.